மெட்டின் மிச்சம்

பியானோவை விற்றுவிடலாம் என்று துர்கா முடிவுசெய்த மத்தியானம் நல்ல வெயில். பியானோ மேல் குவிந்திருந்த இஸ்திரித் துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டாள். ஈரத் துணியால் கறுப்பு வெள்ளைக் கட்டைகளைத் துடைத்தாள். போனில் நாலு பக்கமும் படம் பிடித்தாள். விளம்பரத்தில் 'அதிகம் பயன்படுத்தாதது' என்று எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் அதில் பொய் ஒன்றும் இல்லை.

துர்கா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். விடியற்காலையில் போனால் ஒரு மணிக்கு வேலை முடிந்துவிடும். வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களின் கையைப் பிடித்து, நரம்பைத் தேடி, ஊசியைச் செருகுவதுதான் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் சொந்த ஊரான முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போன காலத்திலிருந்து இதையேதான் செய்கிறாள். ஒருநாளும் அலுத்ததில்லை. ஒவ்வொரு கையும் ஒரு மாதிரி. சில கையில் நரம்பு தானாகவே தெரியும். சிலதில் தடவித் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பியானோ ஆசை வந்தது ஒரு கல்யாணத்தில். கூட வேலை செய்யும் பெண்ணுக்கு சர்ச்சில் கல்யாணம். துர்காவுக்கு பியானோ பக்கத்தில் இடம் கிடைத்தது. வாசித்தவருடைய வலது கை ஒரு பக்கம் பாடிக்கொண்டு போனது. இடது கை அதைக் கண்டுகொள்ளாமல் வேறு ஏதோ செய்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில் அவர் தலையைத் திருப்பி, "அந்த ஃபேனைப் போடுப்பா" என்று யாரிடமோ சொன்னார். இரண்டு கையும் நிற்கவில்லை.

திரும்பி வரும்போது துர்கா புருஷனிடம் கேட்டாள். "ஒரே தலைதானே இருக்குது. ரெண்டு கைக்கும் ரெண்டு வேலை எப்படிங்க போவுது?"

கோதண்டபாணிக்கு ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் வேலை. "கையில கியர் போட்டுக்கினே கால்ல கிளட்ச் மிதிக்கறோமே, அது மாதிரிதான்" என்றான்.

அந்த பதில் அவளுக்குப் போதவில்லை. சென்னையில் வீடு காலி செய்துகொண்டு போன ஒருவரிடமிருந்து ஒரு டிஜிட்டல் பியானோவை வாங்கி, ரங்கசாமி குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த தன் மாடி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மகள் ரேவதியைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். "பொண்ணு கத்துக்கப் போவுதா?"

"இல்ல, நான்தான்" என்று துர்கா சொன்னால் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள்.

காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அபி என்ற சின்னப் பெண் சனிக்கிழமைகளில் கிளாஸ் எடுத்தாள். காலேஜ் முடித்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். மற்ற மாணவர்கள் எல்லாம் நாலாவது, ஐந்தாவது படிக்கிற பிள்ளைகள். குட்டை மேஜையில் முழங்கால் இடிக்க துர்காவும் அவர்களோடு உட்கார்ந்தாள். ஆரம்பத்தில் அவ்வளவு சந்தோஷம். வலது கையால் ஒரு மெட்டு வந்தது. இடது கையால் 'தும், தக்கு தக்கு' என்று அதற்கு வேண்டிய தாளமும் வந்தது. இரண்டையும் சேர்த்தபோதுதான் சிக்கல். பாடப் புத்தகத்தில் தலைப்புகூட இல்லாத ஒரு சின்னப் பாடம். அதன் நடுவில் மெட்டு கீழே இறங்கும் இடத்தில் இடது கையும் இடம் மாற வேண்டும். அங்கே போனதும் இரண்டு கையும் முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

"தினம் பத்து நிமிஷம் போதும்க்கா. விடாம பண்ணணும், அவ்ளோதான்" என்றாள் அபி.

அந்த 'அவ்ளோதான்'தான் முடியவில்லை. போனில் அலாரம் வைத்தாள். அலாரத்தை அணைக்கப் பழகிக்கொண்டாள். தினமும் வாசித்தால் நெருப்புப் படம் காட்டும் ஆப் ஒன்றை இறக்கினாள். நெருப்பு அணையாமல் இருக்க, சமையலறையில் நின்றபடியே அதைத் திறந்து மூடினாள். கடைசியில் ரேவதியிடம், "நீ என்னை மிரட்டி உட்கார வெய்யி" என்று சொல்லிப் பார்த்தாள்.

"நீ என்னைப் படி படின்னு சொல்றப்போ எனக்கு எப்படி இருக்கும்னு இப்பத் தெரியுதாம்மா?" என்று கேட்டுவிட்டு ரேவதி டியூஷனுக்குக் கிளம்பிவிட்டாள்.

அப்படித்தான் பியானோ மேல் துணி ஏறியது.

விளம்பரம் போடுவதற்கு முன்னால் எல்லாக் கட்டையும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். துர்கா உட்கார்ந்து அந்தப் பாடத்தை வலது கையால் மட்டும் வாசித்தாள். மெட்டு இறங்கும் இடம் வந்ததும் பழக்கதோஷத்தில் கை நின்றது.

வீடு அமைதியாக இருந்தது. பின்பக்க ஜன்னல் திறந்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். அவள் விட்ட இடத்தில் தொடங்கி, மெட்டைக் கீழே இறக்காமல் மேலே ஏற்றி, ஒரு வளைவு வளைத்து, மெதுவாகக் கொண்டுவந்து முடித்தது அந்த விசில்.

துர்கா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே சந்து. சந்தில் கலீம் என்பவனின் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை. எதிரே அடுத்த தெரு வீடுகளின் முதுகுகள், மூடியும் திறந்தும் கிடக்கிற ஜன்னல்கள். ஆள் யாரும் தெரியவில்லை.

அவள் திரும்பி வந்து அதையே மறுபடி வாசித்து அதே இடத்தில் நிறுத்தினாள். இந்தத் தடவை வேண்டுமென்றே.

விசில் வந்தது. ஆனால் முன்பு போல இல்லை. இந்த முறை மெட்டு இறங்கியது, பாதியில் சிரிப்பது மாதிரி இரண்டு துள்ளல் துள்ளி முடிந்தது.

அன்றைக்கு விளம்பரம் போகவில்லை.

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் துர்கா சாப்பிட்டாள், கை கழுவினாள், பியானோவில் உட்கார்ந்தாள். அலாரம் அடிக்கவில்லை. இன்றைக்கு எப்படி முடிப்பார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். விசில் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. நாலைந்து நாளில் அவளுக்குச் சில விஷயங்கள் பிடிபட்டன. வரிசையாக ஏறி இறங்கும் வெறும் ஸ்கேல் வாசித்தால் பதில் இல்லை. அவசரமாக வாசித்தாலும் இல்லை. நேற்று நிறுத்திய இடத்திலேயே இன்றும் தொடர்ந்து நிறுத்திக்கொண்டிருந்தால், இரண்டு தடவைக்குப் பிறகு விசில் சும்மா இருந்துவிடும். புதிதாக ஏதாவது கொடுக்க வேண்டும். அதற்காகவே புத்தகத்தின் அடுத்த பாடத்தைக் கற்றுக்கொண்டாள். அதை எங்கே வெட்டி நிறுத்தினால் பதில் வரும் என்று பார்த்தாள். வைகாசி கருட சேவை நாளில் லீவு இருந்தும் ஊர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் போனதில் அவளுக்கு நிஜமாகவே எரிச்சலாக இருந்தது.

கலீமிடம் போய்க் கேட்டாள். "தம்பி, மத்தியானத்துல விசில் அடிக்கிறது நீயா?"

கலீம் வாயைத் திறந்து முன்பல் இல்லாத இடத்தைக் காட்டினான். "இதுல காத்துதான்க்கா வரும். விசிலுக்கு நான் எங்க போறது?"

"அப்ப யாருன்னு தெரியுமா?"

"தெரியாதுக்கா" என்று சொல்லிவிட்டு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு ஃபிரிட்ஜைக் கழற்ற ஆரம்பித்தான்.

ஒரு மத்தியானம் துர்கா இடது கையை மட்டும் பழகிக்கொண்டிருந்தாள். தும், தக்கு தக்கு. தும், தக்கு தக்கு. மெட்டே இல்லாத வெறும் தாளம். இதற்கு பதில் வராது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் விசில் மெல்ல உள்ளே நுழைந்தது. அவளுடைய பழைய பாடத்தின் மெட்டை அந்தத் தாளத்தின் மேல் வைத்தது. சரியாக உட்கார்ந்தது.

துர்கா வாசிப்பதை நிறுத்தவில்லை. இரண்டு கைகளும் சேர்ந்தால் எப்படிக் கேட்கும் என்பதை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். இடது கை வலது கையைக் கண்டுகொள்ளாமல் போகிறது என்று சர்ச்சில் நினைத்தது தப்பு. இது அதற்கு இடம் விட்டு இடம் விட்டுப் போகிறது. தும் என்று ஊன்றிவிட்டு மெட்டுக்கு வழிவிடுகிறது. மெட்டு இறங்கும் இடத்தில் இடது கை ஏன் மாற வேண்டும் என்பதும் அப்போது புரிந்தது. மாறாவிட்டால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நெருக்கியடிக்கும்.

சாயங்காலம் கோதண்டபாணி வந்ததும் மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் காலுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "யாரோ ஆம்பள விசில் அடிக்கிறான், நீ அதுக்கு பாட்டு வாசிக்கிறியா?"

"ஆம்பளையோ பொம்பளையோ, அந்த ஆளுக்கு காது இருக்குதுங்க."

அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு எனக்கு ஆஃப்தான். நானும் கேக்கறேன்" என்றான்.

மறுநாள் இருவரும் காத்திருந்தார்கள். விசில் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. துர்கா பழைய பாடம், புதுப் பாடம், இடது கை, வலது கை எல்லாம் வாசித்துப் பார்த்தாள். வாரம் ஒன்று போனது. தான் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா, கலீமிடம் கேட்டது விசிலடிப்பவர் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்றெல்லாம் நினைத்தாள். ஆச்சரியம் என்னவென்றால் அந்த வாரமும் அவள் தினமும் உட்கார்ந்தாள். ஆனால் வாசிப்பதைவிடக் காது கொடுப்பதில்தான் அதிக நேரம் போனது.

பிறகு பொறுக்க முடியாமல் ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள். தன் ஜன்னலுக்கு நேர் பின்னால் வரக்கூடிய வீடுகளைக் கணக்குப் பண்ணி நடந்தாள். ஒரு வீடு பூட்டியிருந்தது. இன்னொன்றில் ஒரு டியூஷன் சென்டர். மூன்றாவது வீட்டு வாசலில் 'ஆரி ஒர்க் செய்து தரப்படும், பெண்கள் மட்டும்' என்று ஒரு போர்டு. துர்கா வீட்டுக்கு ஓடி, தைக்காமல் கிடந்த ஒரு ப்ளவுஸ் துணியை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள்.

திறந்தவளுக்கு இவள் வயதுதான் இருக்கும். துப்பட்டாவை ஒரு பக்கக் கன்னத்தை மறைத்துப் பிடித்திருந்தாள். பெயர் ஜோஹரா. உள்ளே ஒரு மரச் சட்டத்தில் கல்யாண ப்ளவுஸ் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டு, அதன் கைப்பகுதியில் பாதி மயில் முளைத்திருந்தது. சட்டத்துக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னல் வழியாக துர்காவின் வீட்டு ஜன்னல் தெரிந்தது.

"கழுத்துக்கு மட்டும் போதுமா, கைக்கும் வேணுமா?" என்று ஜோஹரா கேட்டாள். வார்த்தைகள் கொஞ்சம் குழறின. டிசைன் படங்களை எடுக்க உள்ளே போய் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் பார்வை மேஜை மேல் இருந்தது. அங்கே துர்காவின் இடது கை அவளுக்கே தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தது. தும், தக்கு தக்கு.

"நீங்கதானா அந்த மாடி வீட்டு அக்கா?" என்றாள் ஜோஹரா.

துர்கா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா?"

ஜோஹரா தலையை ஆட்டினாள். "கலீம் என் கொழுந்தன்தான். நீங்க வந்து கேட்டதைச் சொன்னான். நான்தான் சொல்லாதேன்னேன். பொம்பளப் புள்ள விசில் அடிச்சா வீட்டுக்கு ஆகாதுன்னு சின்ன வயசுல எவ்வளவு அடி வாங்கியிருக்கேன் தெரியுமா? மத்தியானம் இங்க எல்லாரும் தூங்குவாங்க. அப்பதான் அடிப்பேன்."

"அப்புறம் ஏன் நிறுத்திட்டீங்க?"

ஜோஹரா துப்பட்டாவை விலக்கினாள். முகத்தின் வலது பாதி தொய்ந்துபோயிருந்தது. வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வலது கண் முழுசாக மூட மறுத்தது.

"ஒருநாள் காலையில பல் தேய்ச்சு வாய் கொப்பளிச்சா தண்ணி ஒரு பக்கமா ஒழுகுது. கண்ணாடியப் பார்த்தா இப்படி இருக்குது. பக்கவாதம்னு நினைச்சு வீடே அலறிடுச்சு. டாக்டர் பாத்துட்டு அது இல்லம்மா, முகத்து நரம்புல வீக்கம், முக்கால்வாசிப் பேருக்கு சரியாயிடும், கொஞ்ச நாள் எடுக்கும்னாரு. மாத்திரை குடுத்தாரு. தினமும் கண்ணாடி முன்னாடி உட்கார்ந்து பயிற்சி பண்ணச் சொல்லியிருக்காங்க. கன்னத்தை உப்பணும். உதட்டைக் குவிக்கணும். விசில் அடிக்கிற மாதிரி ஊதணும்." அவள் சிரிக்கப் பார்த்தாள். பாதிதான் வந்தது, அதையும் கையால் மறைத்துக்கொண்டாள். "எனக்கு அழுகைதான் வருது. ரெண்டு நாள் பண்ணேன். விட்டுட்டேன்."

தினம் பத்து நிமிஷம் போதும் என்று சொல்ல துர்காவின் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்திருந்தது. பல நாளாக மனசில் இருந்ததைக் கேட்டாள்.

"நான் நிறுத்துற இடம் ஒண்ணுதானே. ஒவ்வொரு தடவையும் ஏன் வேற வேற மாதிரி முடிச்சீங்க?"

"ஒரே இடம்தான். ஆனா ஒரே மாதிரியா நிறுத்தினீங்க?" என்றாள் ஜோஹரா ஆச்சரியத்தோடு. "ஒருநாள் கோவமா நிறுத்துவீங்க. ஒருநாள் பயந்துக்கினு நிறுத்துவீங்க. ஒருநாள் தூக்கம் வர்ற மாதிரி. அதுக்குத் தக்கபடி நான் முடிப்பேன்."

துர்காவுக்கு இது புதுச் செய்தி. தினமும் ஒரே தப்பை ஒரே மாதிரி செய்வதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

"ஆமா, அந்த மெட்டு நிஜத்துல எப்படித்தான் முடியுது?" என்று ஜோஹரா கேட்டாள்.

"எனக்கே தெரியாது. ரெண்டு கையோட அதுவரைக்கும் நான் போனதே இல்ல."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜோஹராவுக்கு மறுபடியும் அந்தப் பாதிச் சிரிப்பு வந்தது. இந்த முறை அதை மறைக்கவில்லை.

அதற்கப்புறம் பெரிய ஏற்பாடு ஒன்றும் செய்துகொள்ளவில்லை. போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் மத்தியானம் துர்கா வாசித்தாள். சிக்கலான இடத்துக்கு வந்து நிறுத்தினாள். ஜன்னலில் சத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. திறந்தால் வெறும் காற்று. புஸ்ஸென்று ஒரு இழுப்பு. பின்னாலேயே ஜோஹராவின் குரல்: "கேட்டுச்சா? சைக்கிள் டியூப் மாதிரி இருக்குது."

துர்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று மாலை அந்தக் காற்றையே இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். இழுப்பின் நடுவில் எங்கோ மெட்டின் ஏற்ற இறக்கம் இருப்பது போலத் தோன்றியது.

"வாயால ஹம் பண்ணிக் காட்டுங்களேன், அந்த முதல் நாள் முடிவை" என்று ஒருநாள் கேட்டாள்.

ஜோஹரா முயன்று பார்த்தாள். "இல்லக்கா, வாய்ல வேற ஏதோ வருது. அது விசில்லதான் இருக்குது. வெளிய வரட்டும், நானும் அதுக்குத்தான் காத்துக்கினு இருக்கேன்."

மழை பிடித்துக்கொண்ட நாட்கள். துர்கா ஜன்னலை மூடாமல் ஒரு கோணிப்பையைக் கட்டிவைத்து வாசித்தாள். ஒரு மத்தியானம் ஜன்னல் பக்கம் காது கொடுத்தபடியே வாசித்துக்கொண்டிருந்தவள், கைகளைக் கவனிக்கவே மறந்துவிட்டாள். சந்தேகம் வந்து குனிந்து பார்த்தபோது இடது கை ஏற்கெனவே இடம் மாறியிருந்தது. வலது கை இறங்கி முடித்திருந்தது. இரண்டும் சேர்ந்து அந்த இடத்தைத் தாண்டி நாலு அடி போய்விட்டிருந்தன. பார்த்த உடனே தடுமாறி நின்றன. அவள் "ஐயோ" என்று கத்தியதில் ரேவதி பயந்து ஓடிவந்தாள்.

அடுத்த சில நாட்கள் அவளை யாரும் உட்கார்த்திவைக்க வேண்டியிருக்கவில்லை. அதற்குமேல் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு வரியாகத் துழாவி, தடவி, கடைசி வரி வரை போனாள். முழுப் பாடத்தையும் ஜோஹராவுக்குக் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வாசித்தாள்.

மெட்டு அப்படி ஒன்றும் விசேஷமாக முடியவில்லை. ஆரம்ப வரியே திரும்ப வந்தது. தும் என்று ஒரு ஊன்று. முடிந்தது.

போன் அடித்தது. "இவ்வளவுதானா?" என்றாள் ஜோஹரா.

"புக்குல இவ்வளவுதான் போட்டிருக்கான்."

"இதுக்கா இத்தனை பாடு?"

இருவரும் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. சிரிப்பு அடங்கியதும் ஜோஹரா சொன்னாள். "அக்கா, ஒரு நிமிஷம். நான் சிரிச்சப்போ ரெண்டு பக்கமும் இழுத்துச்சு. இருங்க, கண்ணாடி எடுத்துக்கினு வரேன்."

பல வாரம் கழித்துப் போன சனிக்கிழமை கிளாஸில் துர்கா இரண்டு கைகளாலும் வாசித்ததைக் கேட்டு அபி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அக்கா, எப்படி பிராக்டிஸ் பண்ணீங்க? இந்தப் பசங்களுக்குச் சொல்லுங்களேன்."

துர்கா பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "மிச்சம் எப்படி இருக்கும்னு கேக்க ஆசையா இருந்துச்சு" என்றாள். ஐந்தாவது படிக்கிற ஒரு பிள்ளை, "எங்க ஸ்கூல் மிஸ் அதெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க ஆன்ட்டி" என்றது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் கோணிப்பைக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசில் வந்தது. மெலிசாக, ஓரம் கிழிந்த மாதிரி, பாதிக்குமேல் காற்றோடு. துர்கா இடது கைத் தாளத்தை மெதுவாக அதற்குக் கீழே வைத்தாள். அந்தக் கிழிசல் சத்தம் தட்டுத் தடுமாறி ஏறியது. உச்சியில் உடைந்தது. மறுபடி முயன்றது, மறுபடி உடைந்தது. அன்றைக்கு அதற்குமேல் போகவில்லை. மறுநாள் கொஞ்சம் மேலே போனது.

தீபாவளி முடிந்த வாரத்தில் ஜோஹரா மாடிப்படி ஏறி வந்தாள். கன்னத்தை மறைக்கவில்லை. உன்னிப்பாகப் பார்த்தால் வலது பக்க உதடு இன்னும் கொஞ்சம் பின்தங்கி வருவது தெரியும். இத்தனை நாள் காதால் மட்டும் கேட்ட பியானோவை அவள் இப்போதுதான் நேரில் பார்க்கிறாள். ஒரு கட்டையைத் தொட்டாள். இன்னொன்றை அழுத்தினாள். கறுப்புக் கட்டை ஏன் இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் இருக்கிறது என்று கேட்டாள். துர்கா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

ஜோஹரா குனிந்து அடியில் பார்த்தாள். "இதென்னக்கா, கீழ மூணு மிதிக்கிறது இருக்குது?"

"அதை நான் இன்னும் தொட்டதே இல்ல. அபி அப்புறம்னு சொல்லியிருக்குது."

"மிதிச்சா என்ன ஆவும்?"

"தெரியலையே."

துர்கா நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். ஜோஹரா பக்கத்தில் உட்கார்ந்து, மூன்றில் எதை முதலில் மிதிக்கலாம் என்று காலை நீட்டிப் பார்த்தாள்.